டார்க் கன்வர்ட்டரை மாற்றுமுன் அறிய வேண்டியவை

தோட்டங்களில் ஒரு காலத்தில் லோரியும் டிராக்டருமே ஓடின. அவை நிர்வாகத்தின் உடைமைகள். பழுதுபட்டால் நிர்வாகமே செப்பனிட்டுக்கொண்டது. இன்றோ, நம் தொழிலாளர் குடும்பங்களிலும் பழைய பிக்கப் வண்டி ஒன்றைத் தவணைக்கு வாங்கி, ஒட்டுப்பால் மூட்டை முதல் திருமண வீட்டுப் பந்தல் சாமான் வரை ஏற்றிச் சிறிது பொருளீட்டுவோர் இருக்கின்றனர். இத்தகைய வண்டிகளுள் தானியங்கிக் கியர் கொண்டவையும் உண்டு. கிளட்ச் மிதிக்க வேண்டியதில்லை என்னும் அவ்வசதிக்கு உரிய விலை, சில ஆண்டுகள் கழித்து 'டார்க் கன்வர்ட்டர்' என்ற பெயரில் பட்டறைச் சீட்டில் வந்து நிற்கிறது.

மலேசியாவில் குறைந்தபட்ச மாத ஊதியம் 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. நான்கு சக்கர இயக்க வண்டியில் இவ்வுறுப்பை மாற்றும் செலவு அம்மாத ஊதியத்தை எளிதில் விழுங்கிவிடக்கூடும். ஆகவே, அது என்ன, உண்மையிலேயே அதுதான் கெட்டதா என்று அறிந்துகொள்வது நமக்கு மிகவும் அவசியமாகும்.

இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து, ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அதன் காற்றினால் மற்றதும் சுழலத் தொடங்குவதைக் காணலாம். டார்க் கன்வர்ட்டரின் தத்துவமும் இதுவே. ஆனால், காற்றுக்குப் பதிலாக இங்கே எண்ணெய். வாய் பற்றவைக்கப்பட்ட உருண்டைக் கூட்டுக்குள் இயந்திரத்தோடு சேர்ந்து சுழலும் சக்கரம் ஒன்றும், கியர்பெட்டியைச் சுழற்றும் சக்கரம் ஒன்றும் உள்ளன. இரண்டுக்கும் நடுவே உள்ள ஸ்டேட்டர் என்னும் சிறு சக்கரம், திரும்பி வரும் எண்ணெயின் திசையை மாற்றி அனுப்புகிறது. இதனால் வண்டி புறப்படும்போது இயந்திரத்தின் முறுக்குவிசை ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. ஜெர்மானியப் பொறியியலாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றபோது, அவர் மனத்தில் இருந்தது கப்பலே, மோட்டார் வண்டியன்று. வண்டி வேகமெடுத்த பின்னர் எண்ணெயில் சக்தி வீணாகாதிருக்க, உள்ளே உள்ள பூட்டுக் கிளட்ச் இரு பக்கத்தையும் ஒன்றாகப் பிணைத்துவிடும்.

எண்ணெய் வழியே விசை செல்லும்போது ஒரு பகுதி வெப்பமாகிவிடுகிறது. மழைக்காலத்துச் செம்மண் சாலையில் சக்கரம் புதைந்து, வண்டி நகராமல் நிற்கும்போது ஆக்சிலரேட்டரை அழுத்திப் பிடித்தால் என்னவாகும்? கியர்பெட்டிப் பக்கத்துச் சக்கரம் அசையாது. இயந்திரத்தின் சக்தி முழுவதும் அந்த எண்ணெயைக் கொதிக்கவைப்பதிலேயே செலவாகும். அளவுக்கு மேல் சுமையேற்றி மேடேறுவதும் இதற்கு அடுத்தபடியான கேடு. எண்ணெய் கருகிய பின் பூட்டுக் கிளட்சின் உராய்வுத் தகடு நெடுநாள் தாங்குவதில்லை.

வண்டி மணிக்கு 60 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்கையில், சாலையின் அதிர்வுக் கோடுகள் மீது ஓடுவதுபோல் நடுங்கினால், பட்டறைக்காரர் உடனே "கன்வர்ட்டர் போய்விட்டது" என்பார். அவசரப்பட வேண்டியதில்லை. வாகனமில்லாத நேரான சாலையில், நடுக்கம் இருக்கும்போதே ஆக்சிலரேட்டரை விடாமல் பிரேக்கை மிக மெதுவாகத் தொட்டுப் பார்க்கலாம். பெரும்பாலான வண்டிகளில் பிரேக் விளக்கு எரிந்தவுடன் பூட்டுக் கிளட்ச் விடுபடும். நடுக்கம் அக்கணமே நின்றால் சந்தேகம் சரியான இடத்தில்தான் இருக்கிறது. அப்போதும் குற்றவாளி பழைய எண்ணெயாகவே இருக்கக்கூடும். தயாரிப்பாளர் குறிப்பிட்ட வகை எண்ணெயை மாற்றிய அளவிலேயே நடுக்கம் நின்ற வண்டிகள் உண்டு. மலிவான வைத்தியத்தை முதலில் செய்து பார்ப்பதே நமக்கு ஏற்றது.

எண்ணெயை வடிக்கும்போது அதன் நிறத்தை நாமே நின்று பார்க்க வேண்டும். கருத்துத் தீய்ந்த வாடை வீசி, தட்டின் அடியில் உலோகத் துகள் மின்னினால், கெட்டது கன்வர்ட்டர் மட்டுமன்று. கியர்பெட்டியும் சேர்ந்தே தேய்ந்திருக்கலாம். அந்நிலையில் கன்வர்ட்டரை மட்டும் மாற்றுவது பணத்தை ஆற்றில் போடுவதாகும். எண்ணெய் பண்டோங் பானம்போல் இளஞ்சிவப்புப் பாலாக இருந்தாலோ, ரேடியேட்டருக்குள் உள்ள எண்ணெய்க் குழாய் ஒழுகித் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். ரேடியேட்டரை விட்டுவிட்டு வேறு எதை மாற்றினாலும் அதுவும் விரைவில் கெடும்.

இனி வேலையின் அளவைக் கவனிப்போம். கன்வர்ட்டர் இயந்திரத்துக்கும் கியர்பெட்டிக்கும் இடையே இருப்பதால், கியர்பெட்டியையே கழற்றி இறக்கியாக வேண்டும். நான்கு சக்கர இயக்க வண்டியில் முன்னும் பின்னும் உள்ள சுழல்தண்டுகள், துணைக் கியர்பெட்டி, குறுக்குத் தாங்கி, குளிர்விப்புக் குழாய்கள், மின்கம்பிகள் யாவும் விலக வேண்டும். இதற்கு ஒரு முழு நாளோ அதற்கு மேலோ ஆகும். கூலி உயர்வது இதனால்தான். லயத்து மரத்தடியில், சாதாரண ஜாக்கியை நம்பி வண்டிக்கடியில் படுத்துச் செய்யும் வேலையன்று இது. இறங்கும் பாரம் ஓர் ஆளை நசுக்கப் போதுமானது.

பொருத்துவதில்தான் நுணுக்கம் இருக்கிறது. புதிய கன்வர்ட்டரில் முதலில் சிறிது எண்ணெய் ஊற்றி, அதைக் கியர்பெட்டியின் தண்டில் செருகி, சுழற்றியபடியே உள்ளே தள்ள வேண்டும். தண்டு, ஸ்டேட்டர், எண்ணெய்ப் பம்பு ஆகிய மூன்றின் பற்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கவ்வும். ஒவ்வொரு முறையும் அது உள்ளே சற்று அமர்வது கைக்குத் தெரியும். இரண்டோடு நிறுத்திவிட்டு, மிச்ச இடைவெளியைப் போல்ட்டை முறுக்கி மூடினால் பம்பு உடையும். கியர்பெட்டி இயந்திரத்தோடு முழுதும் ஒட்டிய பிறகும் கன்வர்ட்டர் கையால் தடையின்றிச் சுழல வேண்டும். அவ்வாறு சுழன்ற பின்னரே அதன் போல்ட்டுகளைப் பூட்டலாம். முன்புற எண்ணெய்ச் சீலையும் வடிகட்டியையும் அத்துடன் மாற்றி, குளிர்விப்புக் குழாய்களைக் கழுவுவதும் அவசியம். குழாயில் தங்கிய பழைய துகள் புதிய உறுப்புக்குள் நுழைவதற்கு ஒரே ஓட்டம் போதும்.

போத்தோங் கடையில் கழற்றிய பழைய கன்வர்ட்டர் மலிவாகக் கிடைக்கும். பற்றவைத்து மூடிய கூட்டுக்குள் என்ன இருக்கிறதென்று விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. அது ஆறு மாதத்தில் கெட்டால் கியர்பெட்டியை இறக்கும் கூலியை மறுபடியும் முழுதாகக் கொடுக்க நேரும். கூட்டை வெட்டித் திறந்து, தகடு மாற்றி, மீண்டும் பற்றவைத்துச் சமநிலை பார்த்த, உத்தரவாதத்துடன் கூடிய கன்வர்ட்டரே நடுத்தர வழி என்று கருதுகிறோம்.

வேலை தொடங்குமுன் உறுப்பின் விலை, கூலி, எண்ணெய், சீல், வடிகட்டி எனத் தனித்தனியே எழுதிய மதிப்பீட்டைக் கேட்டு வாங்குங்கள். எண்ணெய்க் கணக்கில் வியப்படைய வேண்டாம். சாதாரணமாக வடிப்பதைவிட இப்போது மிகுதியாகப் பிடிக்கும், ஏனெனில் கன்வர்ட்டரும் காலியாக வந்திருக்கிறது. கழற்றிய பழைய உறுப்பைத் திருப்பிக் கேட்பதில் கூச்சம் தேவையில்லை. பட்டறையுடன் தகராறு நேர்ந்து பேச்சில் தீராவிட்டால், 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் முறையிடலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அம்மன்றம் விசாரிக்கும். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. மதிப்பீட்டுத் தாளும் ரசீதும் அங்கே கேட்கப்படும்.