மங்களம் பாடுமுன்

நம் பழைய நாடகங்கள் சுபமாகவே முடிவது ஏன் என்று சிராங்கூன் சாலையில் என்னைக் காணும் இளைஞர்கள் கேட்பதுண்டு. மறைமலையடிகள் 1907இல் தமிழாக்கிய காளிதாசரின் சாகுந்தலத்தையே சான்றாகக் காட்டுவேன்.

மகாபாரதத்தில் துஷ்யந்தன் மனைவியைத் தெரிந்தே மறுக்கிறான். அசரீரி ஒலித்தபின் ஏற்கிறான். காளிதாசரோ துர்வாசர் சாபத்தையும் கணையாழியையும் சேர்த்தார். ஆயினும் கணையாழி கிடைத்தவுடன் கதையை முடிக்கவில்லை. ஆறாம் அங்கத்தில் மன்னன் வருந்தி உருகுகிறான். ஏழாம் அங்கத்தில் மகனைக் கண்டபின் சகுந்தலையின் பாதங்களில் விழுகிறான். அதன் பின்னரே மங்கள வாழ்த்து.

சாபத்தால் மறந்த மன்னனே பணிந்தான்; தெரிந்தே புண்படுத்திய நாம் தயங்கலாமா? பேச்சு நின்றுபோன இல்லங்களில் முதலில் குவியும் கை பெரியவர் கையாக இருக்கட்டும். சுபம்!