கபடியில் மாறிய விதிகள்



கபடி நம் மாநில விளையாட்டு. பொங்கல் நோம்பி வந்தால் திருப்பூரைச் சுற்றி எந்த ஊரில் மைக் செட் சத்தம் கேட்டாலும், போய்ப் பார்த்தால் கபடிப் போட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் நம்மில் பலர் ஆடுவது அப்பா காலத்துச் சடுகுடு. விதிகள் அதற்குப் பிறகு எவ்வளவோ மாறிவிட்டன. பள்ளி அணியில் கார்னரில் நிற்பவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் மூச்சு. அந்தக் காலத்தில் பாடிப் போகிறவருக்கு மூச்சுதான் கடிகாரம். எவ்வளவு நேரம் தம் பிடிக்கிறாரோ அவ்வளவு நேரம் எதிராளி பக்கம் நிற்கலாம். இப்போது 30 வினாடிதான். 'கபடி, கபடி' என்று சொல்ல வேண்டும் என்பது விதியில் இன்னும் இருக்கிறது, ஆனால் ஆட்டத்தை முடித்து வைப்பது மணிதான். தாத்தாக்களுக்கு இதில் வருத்தம். எனக்கு இல்லை. மூச்சு விட்டாரா இல்லையா என்று நடுராத்திரி வரை சண்டை போட்ட கதைகளை அவர்களே சொல்லியிருக்கிறார்கள்!

அடுத்து மூன்றாவது ரைடு. 2014-இல் தொடங்கிய புரோ கபடி லீக்கில் பார்த்திருப்பீர்கள். ஓர் அணி தொடர்ந்து இரண்டு முறை பாயிண்ட் எடுக்காமல் திரும்பினால், மூன்றாவது முறை போகிறவர் எடுத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் அவுட். முன்னணியில் இருக்கும் அணி சும்மா போய் வந்து நேரத்தைக் கடத்துவது இதனால் குறைந்தது. இன்னொன்று சூப்பர் டேக்கிள். களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நின்று ரைடரைப் பிடித்தால் ஒன்றுக்குப் பதில் இரண்டு பாயிண்ட். ஆள் குறைந்த அணிக்கும் உயிர் இருக்கிறது.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். லாபி.

களத்தின் இரண்டு ஓரத்திலும் 1 மீட்டர் அகலத்துக்கு இருக்கும் பட்டைதான் லாபி. ரைடரும் பிடிப்பவரும் தொட்ட பிறகுதான் அது களத்தோடு சேரும். தொடாமல் ரைடர் அதற்குள் கால் வைத்தால் அவுட். சரி, அவரைத் துரத்திக்கொண்டு பின்னாலேயே உள்ளே போன பிடிப்பவர்கள்? இதில்தான் குழப்பம். பழைய விதிப்படி அவர்களும் அவுட். புரோ கபடியில் வந்த புது விதிப்படி ரைடர் மட்டும் அவுட், ரைடு அதோடு முடிந்தது.

2023 அக்டோபர் 7. சீனாவின் ஹாங்சோவில் ஆசிய விளையாட்டு ஆண்கள் இறுதிப் போட்டி, இந்தியாவும் இரானும். ஸ்கோர் 28-28. ஆட்டம் முடிய ஒரு நிமிடம் சொச்சம் இருக்கும்போது நம் கேப்டன் பவன் செராவத் மூன்றாவது ரைடு போகிறார். யாரையும் தொடாமல் லாபிக்குள் போய்விட்டார். இரான் வீரர்கள் சிலரும் கூடவே உள்ளே போனார்கள். எந்த விதி? நடுவர்களின் முடிவு ஒருமுறைக்கு மேல் மாறியது. முதலில் ஓர் அணி தரையில் உட்கார்ந்தது, பிறகு அடுத்த அணி உட்கார்ந்தது. சுமார் ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றது. கடைசியில் பழைய விதியே செல்லும் என்றாகி இந்தியா 33-29 என்று ஜெயித்தது. தங்கம் நமக்குத்தான். ஆனாலும் உண்மையைச் சொன்னால், இரான்காரர்களின் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. அவர்களில் சிலர் புரோ கபடியில் ஆடிப் பழகியவர்கள். அங்கே ஒரு விதி, இங்கே ஒரு விதி.

கோல்ஃப் என்று ஒரு ஆட்டம் உண்டு. நம் ஊரில் யாரும் ஆடிப் பார்த்ததில்லை. அதை ஆடுகிறவர்கள் போடும் காலர் வைத்த டி-சர்ட்டைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். அந்த ஆட்டத்திலும் விதிகளை மாற்றினார்கள். 34 விதிகளை 24 ஆக்கினார்கள். தொலைந்த பந்தைத் தேட 5 நிமிடம் இருந்தது 3 நிமிடம் ஆனது. பந்தைத் தோள் உயரத்திலிருந்து கீழே போட்டது போய், முழங்கால் உயரம் என்றானது. ஆனால் எப்படிச் செய்தார்கள் தெரியுமா? 2017-லேயே வரைவை வெளியிட்டு, ஆடுகிறவர்களிடம் கருத்துக் கேட்டு, 2019 ஜனவரி 1 முதல் உலகம் முழுக்க ஒரே நாளில் அமல்படுத்தினார்கள்.

எங்க அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். இதைச் சொன்னதும் சிரித்தார். "கட்டிங்குக்கு ஒரு அளவுச் சீட்டு, செக்கிங்குக்கு ஒரு சீட்டு குடுத்தா லாட்டே ரிஜெக்ட்தான் கண்ணு" என்றார்.

நமக்கும் இது நடந்தது. போன வருடம் ஓர் ஊர்ப் போட்டியில் ரைடர் பின்னால் லாபிக்குள் ஓடிய நம் பையன்கள் இருவருக்கும் அவுட் கொடுத்தார்கள். அடுத்த மாதம் வேறொரு போட்டியில் அதே மாதிரி நடந்தபோது எதிரணிக்காரர்களுக்கு அவுட் இல்லை! இரண்டிலும் நாம்தான் தோற்றோம். இப்போதெல்லாம் டாஸ் போடும் முன்பே "லாபிக்கு எந்த ரூல் சார்?" என்று நடுவரிடம் கேட்டுவிடுகிறோம். சிலர் முறைப்பார்கள். பரவாயில்லை.

நம் மைதானத்தில் லாபிக் கோடே கிடையாது. வருகிற சனிக்கிழமை சாயங்காலம் கோடு போடுகிறோம், பி.டி. சார் சம்மதித்துவிட்டார். ஆண்கள் களம் 13-க்கு 10 மீட்டர், பெண்கள் களம் 12-க்கு 8. கட்டிங் வேஸ்ட் துணியைக் கயிறாக முறுக்கி, முளை அடித்துக் கட்டலாம் என்று திட்டம். வீட்டில் அளவு டேப்பும் வேஸ்ட் துணியும் இருப்பவர்கள் கொண்டு வாருங்கள். பெண்கள் அணியும் வரலாம், அவர்கள் களத்தைத்தான் முதலில் அளக்கிறோம்.

(11-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு)