தோட்டத்து எலிகளும் அவற்றின் பெயர்களும்

ஒரு பொருளை அறிதற்கு முதற்படி அதன் பெயரை அறிதலேயாகும். ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரத்தில் ஆதாமுக்கு இரண்டு தொழில்கள் ஒப்புவிக்கப்பட்டன. ஒன்று, தோட்டத்தைப் பண்படுத்திக் காத்தல். மற்றொன்று, உயிர்கட்குப் பெயரிடுதல். இவ்விரண்டும் ஒருவனிடத்தே ஒருங்கு வைக்கப்பட்டமை சிந்திக்கத்தக்கது. தோட்டங் காப்பவன் அதனுள் வாழும் உயிர்களின் பெயரையும் இயல்பையும் அறிந்தவனாயிருத்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். இக்காலத்திலோ, அந்தி மயங்கியபின் வேலியோரத்தில் ஓடும் சிறு விலங்கு யாதாயினும், அதனை ‘எலி’ என்னும் ஒரு சொல்லுள் அடக்கி, மறுநாளே நஞ்சு வாங்கி வைத்துவிடுகின்றோம். ஓடியது எலிதானா? எலியாயின் எவ்வெலி? அது பயிருக்குப் பகையா, துணையா? இவ்வினாக்களை எழுப்புவார் அரியர். இவற்றிற்கு விடைகாணும் முறையினை, எம்மூராகிய உடுமலைப்பேட்டையைச் சூழ்ந்த தோட்டங்களில் வாழும் உயிர்களைக்கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

உடுமலைப்பேட்டை, 2009ஆம் ஆண்டு முதல் திருப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அதற்கு முன்னர்க் கோயம்புத்தூர் மாவட்டத்தின் பகுதியாயிருந்தது. தெற்கே ஆனைமலைத் தொடரும் திருமூர்த்தி மலையும், கிழக்கே அமராவதியாறும், இடையே செம்மண்ணும் கரிசலும் விரவிய நிலமும் உடையது. கொங்குநாட்டார் வானம் பார்த்த நிலத்தைக் ‘காடு’ என்றும், கிணற்றுப் பாசன நிலத்தைத் ‘தோட்டம்’ என்றும், ஆற்றுப் பாசன நிலத்தை ‘வயல்’ என்றும் பிரித்து வழங்குவர். மலையும் காடும் தோட்டமும் வயலும் அடுத்தடுத்து அமைந்தமையின், அவ்வந்நிலத்திற்குரிய சிற்றுயிர்கள் பலவும் ஒரு தோட்டத்துச் சாளையின் திண்ணையிலிருந்தே காணக் கிடைக்கின்றன.

முதற்கண் எலியினம் என்பது யாதென வரையறுத்தல் வேண்டும். உயிர்நூலார் இவ்வினத்தைக் ‘கொறிப்பன’ என்ப. மேற்றாடையில் இரண்டும் கீழ்த்தாடையில் இரண்டுமாக நான்கு உளிப்பற்கள் இவற்றிற்கு உள. இப்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டேயிருக்கும். பல்லின் முன்புறத்தில் மட்டும் வன்மையான பூச்சு அமைந்திருத்தலின், கொறிக்குந்தோறும் பின்புறம் விரைந்து தேய, முன்புறம் உளிபோற் கூராகின்றது. உளிப்பற்கட்கும் கடைவாய்ப் பற்கட்கும் இடையே கோரைப்பற்கள் இல்லை, வெற்றிடமே உண்டு. பாலூட்டி விலங்கு வகைகளில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இவ்வினத்தைச் சேர்ந்தவையே. ஆகவே பல்லமைதியே இவ்வினத்தின் இலக்கணம். உருவமும் நிறமும் அன்று.

இவ்விலக்கணத்தைக் கைக்கொண்டு நோக்கின், எலியென்று கருதப்படுவனவற்றுள் சில எலியல்ல என்பது விளங்கும். அவற்றுள் தலையாயது மூஞ்சூறு. கூரிய நீண்ட மூக்கு, கடுகளவாய்த் தோன்றும் கண், அடிபருத்த வால், நெருங்கினால் வீசும் கத்தூரி போன்ற நாற்றம், ‘கீச்’சென்னும் ஒலி, சுவரையொட்டியே ஓடும் ஓட்டம் என்னும் இவை அதன் அடையாளங்கள். அதன் வாயில் உளிப்பல் வெற்றிடம் இல்லை. பூச்சிகளைக் கவ்வி நொறுக்குதற்குரிய கூரிய சிறு பற்கள் நெருங்கியுள்ளன. கரப்பான், வண்டு, புழு முதலியன அதன் முதன்மையான உணவு. இதனை 1766இல் விளக்கிப் பெயரிட்ட இலின்னேயசு என்னும் சுவீடன் நாட்டு அறிஞர், ‘எலி போன்றது’ எனப் பொருள்படும் சொல்லையே அதற்குச் சிறப்புப் பெயராக இட்டனர். ‘போன்றது’ என்றமையால் எலியன்று என்பது தானே போதரும். பிள்ளையாரின் ஊர்தியை ஒரு சாரார் மூஞ்சூறென்றும் ஒரு சாரார் பெருச்சாளியென்றும் கூறுதல், இவ்விரண்டையும் மயங்கக் காணும் வழக்கம் பழமையுடைத்து என்பதைக் காட்டும்.

இரண்டாவது முள்ளெலி. கொங்குநாட்டுக் காட்டு நிலங்களில் வேலிப் புதர்களின் அடியிற் பகலெல்லாம் துயின்று இரவில் இரைதேடும் இது, அஞ்சியபோது முட்பந்தாகச் சுருண்டுகொள்ளும். இதுவும் பூச்சியுண்ணியே, பெயரளவில் மட்டும் எலி. இதன் முட்களைக் கக்குவான் இருமலுக்கு மருந்தெனக் கருதிப் பிடித்துக் கொல்லும் வழக்கம் இதற்குப் பெருங்கேடாயிற்று. ஈண்டொரு வியப்பும் உண்டு. எலியெனப் பெயர்பெற்ற முள்ளெலி எலியினமன்று. பன்றியெனப் பெயர்பெற்ற முள்ளம்பன்றியோ கொறிப்பனவற்றைச் சேர்ந்தது! பெயர் வழிகாட்டும்; சிற்சில வேளை வழி மயக்கவுஞ் செய்யும். ஆதலின் பெயரைக் கேட்டு அமையாது பொருளையும் உற்றுநோக்கல் வேண்டும்.

மூன்றாவது, அணிலெனக் கருதப்படுவதாகிய மூங்கிலணத்தான். இது சேலத்தையடுத்த சேர்வராயன் மலை முதலிய இடங்களில் வாழ்வது. தோட்டங்களிற் காண்டல் அரிது. முதுகில் வரியின்மையும், தோளில் வெளிறிய கீற்றொன்று உண்மையும், கூரிய முகமும் இதனை அணிலினின்றும் பிரித்துக் காட்டும். சென்னை மாகாணத்து அரசியற் பணியாளராயிருந்த வால்ட்டர் எலியட்டு என்பாரின் பெயரை 1850இல் இதற்குச் சிறப்புப் பெயராக இட்டனர். பின்னர் 1913இல் இலையன் என்னும் அறிஞர் இதனைத் தனிப் பேரினமாக்கி, ‘அணத்தான்’ என்னும் தமிழ்ச் சொல்லையே ‘அனதானா’ எனப் பேரினப் பெயராக்கினர். உலகத்து உயிர்நூலார் அனைவரும் வழங்கும் இப்பெயரில் நம் மலைவாழ் மக்களின் சொல்லொன்று நிலைபெற்றிருத்தல் தமிழ் மாணவர்க்கு உவகை தருவதொன்றாம்.

இனி, உண்மைக் கொறிப்பனவற்றைக் காண்பாம். பகலில் வெளிப்படையாகத் திரிவது அணில். எம்மூரிற் காணப்படும் அணிலின் முதுகில் வெள்வரிகள் மூன்று. வடநாட்டில் மிக்குள்ள மற்றோரினத்திற்கு வரிகள் ஐந்து. இவ்வேறுபாட்டைக் கருவியாகக் கொண்டே இக்கால அறிஞர் இரண்டினையும் பிரிக்கின்றனர். தொல்காப்பியனார் மரபியலில் இளமைப் பெயர் கூறுமிடத்து, மூங்கா, வெருகு, எலி என்பவற்றோடு அணிலைச் சேர்த்து, இந்நான்கின் இளமைக்கும் ‘குட்டி’ என்னும் பெயர் உரித்தென்றனர். ஆண்டு அணிலை வாளா கூறாது, ‘மூவரி’ என்னும் அடைகொடுத்தே ஓதினர். இனங்காட்டும் அடையாளத்தைப் பெயரோடு பிணைத்துக் கூறிய அந்நுண்மை போற்றத்தக்கது. குறுந்தொகையின் 41ஆம் பாட்டினைப் பாடிய புலவரின் இயற்பெயர் மறைந்து, அவர் ஆண்ட தொடரால் ‘அணிலாடு முன்றிலார்’ என்னும் பெயரே நின்றது. மக்கள் நீங்கிய மனையின் முற்றத்தில் அணில் அச்சமின்றி விளையாடும் என்பதைக் கண்ணாரக் கண்டவர்க்கன்றி அத்தொடர் தோன்றுமோ?

இரவில் திரிவனவற்றுள் வீட்டெலியை முதலிற் கூறலாம். உடலினும் நீண்ட வாலும், பெரிய மெல்லிய செவிகளும், மெலிந்த உடலும் உடைமையின் இது மரமேறுதலில் வல்லது. தென்னையின் உச்சியிற் கூடமைத்துக் குட்டியீனும். இளங்காய்களில் காம்பருகே துளையிட்டு, உள்ளிருக்கும் நீரையும் வழுக்கையையும் உண்ணும். உடுமலை வட்டாரத்துத் தென்னந்தோப்பில் துளைபட்ட இளங்காய்கள் வீழ்ந்து கிடப்பின், பகைவனை நிலத்து வளையில் தேடுதல் வீண்; மரத்தின் உச்சியைத்தான் நோக்கல் வேண்டும். நிலத்தினின்று ஏறத்தாழ 2 மீட்டர் உயரத்தில், 40 சென்டிமீட்டர் அகலமுள்ள தகரத்தை அடிமரத்தைச் சுற்றிப் பொருத்தின், எலி வழுக்கி வீழும். மட்டைகள் ஒரு மரத்தினின்று மற்றொன்றைத் தொடாதிருத்தலும் வேண்டும். தொடுமாயின் தகரத்தாற் பயனில்லை.

பெருச்சாளியும் அகழானும் நிலத்தைக் குடைவன. பெருச்சாளி ஒரு கிலோகிராம் அளவும் எடையுறும் பேரெலி; சாக்கடைக் கரையிலும் வீட்டுச் சுவரடியிலும் பெருவளை தோண்டும். இவ்விரண்டையும் அடக்கிய பேரினத்திற்கு அறிஞர் இட்ட ‘பாண்டிகோட்டா’ என்னும் பெயர், தெலுங்கில் வழங்கும் ‘பந்திக்கொக்கு’ என்பதன் திரிபு. ‘பந்தி’ பன்றி, ‘கொக்கு’ எலி, ‘பன்றியெலி’ என்பது பொருள். அகழான் அதனிற் சிறியது. வரப்பெலி எனவும் படும். குறுகி மழுங்கிய முகமும், உடலினுங் குறைந்த வாலும், சினந்தபோது சிலிர்க்கும் முதுகு மயிரும், உறுமும் ஒலியும் இதற்கு அடையாளம். வரப்பில் புதுமண் குவியல் குவியலாகக் கிடப்பின், அது பெரும்பாலும் அகழானின் வேலையே. வளைவாயைத் தளர்ந்த மண்ணால் மூடிக்கொள்ளும்; உள்ளே அறையமைத்துக் கதிர்களைச் சேமிக்கும். வளையை நோக்கியே உள்ளிருப்பதனை அறியும் ஆற்றல் வட தமிழ்நாட்டு இருளர்க்கு உண்டு. அவர் அகழ்ந்து எலியையும் பிடிப்பர், எலி சேர்த்த நெல்லையும் எடுப்பர்.

வெள்ளெலி செம்மண் காடுகளுக்கும் மணற்பாங்கான நிலங்கட்கும் உரியது. மேலே மணல்நிறம்; வயிறும் பாதமும் தூய வெண்மை. கண்கள் பெரியன. பின்கால்கள் நீண்டன, ஆதலின் ஓடுதலோடு தாவுதலும் வல்லது. உடலினும் நீண்ட வாலின் நுனியில் கரிய மயிர்க்குஞ்சம் உண்டு. இரவில் விளக்கொளியிற் குஞ்சவாலைத் தூக்கித் தாவியோடுவதனைக் கண்டால் வெள்ளெலியெனத் துணியலாம்.

எஞ்சியவை சிறியன. வீட்டுச் சுண்டெலி யாவரும் அறிந்தது. வயற்சுண்டெலி அதனினும் சிறிது, எடை பத்துக் கிராம் அளவினது, வயிறு வெண்மை. விரல் நுழையுமளவு சிறு வளையை வரப்பில் தோண்டி, வாயிலில் பிடியளவு மண்ணைத் தள்ளியிருக்கும். புல்லெலி மெத்தென்ற மயிருடையது. கரிசல் நிலத்தின் வெடிப்புக்களையே வீடாகக் கொள்வது. இவை கதிரைச் சிறிது கொறிப்பினும், வீட்டெலியும் அகழானும் செய்யும் அழிவைச் செய்வனவல்ல.

ஆகவே இனங்காண விழைவார் வரிசையாக ஆறு வினாக்களை எழுப்புக. மூக்குக் கூரியதா, மழுங்கியதா? கண்ணும் செவியும் பெரியனவா, சிறியனவா? வால் உடலினும் நீண்டதா, குறைந்ததா? வயிற்றின் நிறம் யாது? கண்ட காலம் பகலா, இரவா? கண்ட இடம் மரமா, சுவரடியா, வரப்பா, வெடிப்பா? இவ்வாறற்கும் விடை கிடைத்தபின் மேற்கூறியவற்றுள் இஃதெது எனத் தெளிதல் எளிது. இதற்கு உயிரைக் கொல்லுதலும் வேண்டா, பிடித்தலும் வேண்டா.

பிடித்தல் வேண்டா என்றதற்குக் காரணமும் உண்டு. எலிகள் நோய் பரப்புவன. பெலிஸ்தர் தம்மை வருத்திய வாதையின் நீங்குதற்பொருட்டு ஐந்து பொன் சுண்டெலிகளைச் செய்து அனுப்பினர் என்று முதலாம் சாமுவேலின் ஆறாம் அதிகாரம் கூறும். எலியையும் கொள்ளைநோயையும் அவ்வரலாறு ஒருங்கு பேசுதல் நோக்கத்தக்கது. பிளேக்கு நோயின் கிருமியை 1894இல் ஆங்காங்கில் எர்சின் என்பாரும், அஃது எலியின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சியாற் பரவும் என்பதனை 1898இல் கராச்சியில் சிமோன் என்பாரும் கண்டனர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்நோய் கோயம்புத்தூரை வருத்திற்று; அந்நகரில் உள்ள ‘பிளேக் மாரியம்மன்’ கோயில்கள் அத்துன்பத்தை இன்றும் நினைவூட்டுகின்றன. இந்நாளில் அஞ்சவேண்டுவது எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த ஈரமண்ணிலும் நீரிலும் உள்ள கிருமி, காற்புண் வழியாக உடலிற் புகும். மழைக்குப்பின் வெறுங்காலொடு சேற்றில் உழைப்பார் இதனை மறத்தலாகாது. செத்த எலியை வெறுங்கையால் தொடுதலும் கூடாது.

அற்றேல், நஞ்சிட்டு அனைத்தையும் ஒழித்தலே நன்றன்றோ எனின், அன்று. என்னை? எலிக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்துவதனோடு ஒக்கும் அச்செயல். நஞ்சு பெயரறியாது. அகழானுக்கு வைத்த உருண்டையை அணிலும் உண்ணும். நஞ்சுண்ட பூச்சியை மூஞ்சூறும் முள்ளெலியும் உண்ணும். குருதியை உறையவொட்டாது செய்யும் நஞ்சினை உண்ட எலி உடனே சாவதில்லை. சில நாள் தளர்ந்து வெளியே திரியும். அதனை எளிதிற் பற்றும் கூகைக்கும் அந்நஞ்சு கேடாகும். ஒரு கூகைக் குடும்பம் ஓராண்டில் பல நூறு எலிகளை உண்ணும். கூகையும் சாரைப்பாம்பும் கீரியும் அழியின், மூன்று வாரத்தில் ஈனும் இயல்புடைய எலிக்குலம் முன்னினும் பெருகும். அக்காவலரைப் போக்கிய பின்னர் எலியை வெல்லுதல் எங்ஙனம்? கூகையின் குரலைச் சாக்குறியென்று அஞ்சி அதனைக் கல்லெறிந்து துரத்துவார், தம் களஞ்சியத்தின் காவலனையே துரத்துகின்றனர்.

எலியால் வருந்தும் உழவரின் இழப்புச் சிறிதன்று; அவர் தம் பயிரைக் காத்தல் முறையே. யாம் வேண்டுவது, காக்குமுன் அறிதல் என்னும் ஒன்றே. வரப்பைக் குறுக்கி வெட்டுக, வளையை அகழ்க, மரத்திற்குத் தகரமிடுக, கிடுக்கியை அறிந்தவிடத்தில் வைக்க, கூகை வந்து தங்கக் கம்பு நடுக. எவ்வெலிக்கு எம்முறை என்பது அதன் பெயரை அறிந்தார்க்கே புலப்படும். நம் முன்னோர் மூஞ்சூறு, அகழான், வெள்ளெலி, புல்லெலி, சுண்டெலி எனத் தனித்தனிப் பெயரிட்டது சொல்லைப் பெருக்குதற்கன்று; உயிரை உற்றுநோக்கி அறிந்தமையினால். அச்சொற்கள் வழக்கொழியின் அவற்றோடு அவ்வறிவும் ஒழியும். ஆதலின் மாணவராகிய நாம் விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால், தத்தம் ஊர்த் தோட்டத்து முதியோரிடம் இப்பெயர்களைக் கேட்டு, அவர் காட்டும் உயிரையும் கண்டு, இரண்டையும் ஏட்டில் எழுதி வைத்தல் தமிழுக்கும் நிலத்துக்கும் ஒருங்கே செய்யும் தொண்டாகும்.