தடித்த ஸ்வெட்டரா, மெல்லிய ஸ்வெட்டரா? டர்டில்நெக் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

1957இல் கியூபாவின் ஹவானாவுக்கு அருகே இருந்த வீட்டில் எழுத்தாளர் எர்னஸ்ட் ஹெமிங்வேயைப் படம் எடுத்தார் யூசுப் கார்ஷ். நரைத்த தாடிக்குக் கீழே, கழுத்தை முழுக்க மூடிய முரட்டு ஸ்வெட்டர். பனியே பார்க்காத ஊர் அது! பதினோரு ஆண்டுகள் கழித்து வந்த ‘புல்லிட்’ படத்தில், பழுப்பு ட்வீட் கோட்டுக்குள் மெல்லிய கருநீல டர்டில்நெக்குடன் சான் பிரான்சிஸ்கோ தெருக்களில் வலம் வந்தார் ஸ்டீவ் மக்வீன். ஆண்களின் டர்டில்நெக்குக்கு இன்றுவரை இந்த இரண்டு உருவங்கள்தான் முன்மாதிரி.

இரண்டில் எதை வாங்குவது என்ற கேள்வி, டொரான்டோவுக்கோ லண்டனுக்கோ படிக்கப் போகும் பிள்ளையின் பெட்டியை அடுக்கும்போது நம் வீடுகளிலும் எழுகிறது. “நல்ல கனமானதாப் பார்த்து எடுப்பா” என்பதுதான் பெரியவர்களின் யோசனை. அக்கறையில் பிறந்த யோசனை; ஆனால் பாதிதான் சரி. கனத்தைப் பற்றி நிலவும் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: கனம் கூடினால் கதகதப்பும் கூடும்

உண்மை: குளிரைத் தடுப்பதில் பெரும்பங்கு கம்பளி இழைக்கு அல்ல, இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்றுக்கு. தடித்த ஸ்வெட்டருக்குள் அந்தக் காற்று அதிகம் தங்கும். அதனால் காற்று வீசாத இடத்தில் அது மெல்லியதைவிடக் கதகதப்பாக இருக்கும். அதில் சந்தேகம் இல்லை.

வெளியே காற்றடித்தால் நிலைமை தலைகீழ். தளர்வாகப் பின்னிய தடித்த ஸ்வெட்டர் ஒன்றை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, உள்ளே கையை விரித்துப் பாருங்கள். கண்ணிகளுக்கு நடுவே விரல்கள் தெரியும். அந்தத் துளைகள் வழியாகக் குளிர்காற்று புகுந்து, உள்ளே தேங்கிய சூட்டை நிமிடத்தில் அள்ளிக்கொண்டு போய்விடும். மெல்லிய கம்பளிக்கு மேல் காற்றுப் புகாத ஜாக்கெட் ஒன்று போட்டவர், வெறும் தடித்த ஸ்வெட்டரோடு நிற்பவரைவிடச் சுகமாக இருப்பார்.

எவரெஸ்ட்டே இதற்குச் சாட்சி. 1924இல் அந்த மலையில் காணாமற்போன ஜார்ஜ் மாலரியின் உடல் 1999இல்தான் கண்டெடுக்கப்பட்டது. அவர் உடுத்தியிருந்தவை பட்டு, பருத்தி, கம்பளி என்று ஒன்றன்மேல் ஒன்றாக மெல்லிய அடுக்குகள். எல்லாவற்றுக்கும் மேலே காற்றைத் தடுக்கும் நெருக்கமான கேபர்டின் துணி. அவற்றைப் போலவே மறுபடி செய்த உடைகளை 2006இல் மலையேற்ற வீரர் கிரஹாம் ஹாய்லண்ட் எவரெஸ்ட் பகுதியிலேயே அணிந்து பார்த்தார். எடை குறைவாகவும் போதிய வெதுவெதுப்போடும் இருந்தன அவை. ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவே ஒரு படலம் காற்று நிற்பதுதான் காரணம்.

நம்பிக்கை 2: கடலில் போகிற மீனவர்களே தடித்த ஸ்வெட்டர்தான் போட்டார்கள்

உண்மை: பிரிட்டனின் கிழக்குக் கரை மீனவர்கள் அணிந்த ‘கான்ஸி’ ஸ்வெட்டர் தொளதொளப்பான பின்னல் அல்ல. இறுக்கி முறுக்கிய ஐந்து புரி நூலை மெல்லிய ஊசிகளில் நெருக்கமாகப் பின்னி, உடம்போடு ஒட்டி நிற்கும்படி செய்தார்கள். கடற்காற்றும் சாரலும் எளிதில் உள்ளே நுழையக்கூடாது, தொங்கும் துணி வலையில் சிக்கவும் கூடாது என்பது நோக்கம்.

அயர்லாந்தின் ஆரன் தீவுகளில் இருந்து வரும், கயிறு முறுக்கியது போன்ற வேலைப்பாடுள்ள தடித்த ஸ்வெட்டரைப் பற்றி இன்னொரு கதை உண்டு. குடும்பத்துக்கு ஒரு பின்னல் இருந்ததாம். கடலில் மூழ்கியவரை அதைவைத்தே அடையாளம் கண்டார்களாம். கேட்க உருக்கமாக இருக்கிறது, ஆதாரம்தான் இல்லை. அயர்லாந்து நாடகாசிரியர் ஜே.எம். சிங் எழுதி 1904இல் மேடையேறிய நாடகத்தில், இறந்தவனின் காலுறையில் விட்டுப்போன கண்ணிகளை எண்ணி அவனை அடையாளம் காண்கிறாள் சகோதரி. அந்தக் காட்சியே பின்னாளில் ஸ்வெட்டர் வியாபாரத்தோடு சேர்ந்து வரலாறாக வளர்ந்துவிட்டது. இன்று நாம் பார்க்கும் ஆரன் ஸ்வெட்டரே இருபதாம் நூற்றாண்டில் உருவானதுதான்.

நம்பிக்கை 3: மெல்லியது என்றால் மட்டமானது, சீக்கிரம் போய்விடும்

உண்மை: திருப்பூரில் பனியன் துணியைப் பற்றிப் பேசினால் ‘கேஜ்’ என்ற சொல் காதில் விழாமல் இருக்காது. ஸ்வெட்டருக்கும் கேஜ் கணக்கு உண்டு. பின்னல் இயந்திரத்தில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை ஊசிகள் என்பதே அது. 3 முதல் 5 கேஜ் வரை என்றால் தடித்த பின்னல். 12, 14 கேஜ் என்றால் மெல்லியது. இங்கிலாந்தின் டார்பிஷர் பகுதியில் 1784இல் தொடங்கிய ஜான் ஸ்மெட்லி ஆலை 30 கேஜ் வரை நுணுக்கமான பின்னலுக்குப் பெயர் பெற்றது. அவ்வளவு மெல்லிய நூலை அறாமல் பின்ன நல்ல இழையும் தேர்ந்த கைகளும் வேண்டும். அதனால் மெல்லிய ஸ்வெட்டரின் விலை தடித்ததைத் தாண்டுவதும் உண்டு.

சீக்கிரம் நைந்துபோவது கனத்தைவிட, இழையின் நீளத்தையும் நூலின் முறுக்கையும் பொறுத்தது. குட்டை இழைகளைத் தளர்வாக முறுக்கிய நூலில், அக்குளிலும் முழங்கையிலும் சிறு சிறு நூல் உருண்டைகள் கிளம்பும். தடித்த, பஞ்சுபோன்ற ஸ்வெட்டர்களில் இந்தத் தொல்லை அதிகம். கடையில் நின்றபடியே சோதிக்கலாம்: மணிக்கட்டுப் பட்டையை இழுத்து விடுங்கள். சட்டென்று பழைய அளவுக்குத் திரும்பினால் பின்னல் நன்று. வாய் பிளந்தபடியே நின்றால் வாங்க வேண்டாம்.

நம்பிக்கை 4: கம்பளி என்றாலே கழுத்தை அரிக்கும்

உண்மை: அரிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இழையின் பருமன். ஏறத்தாழ 30 மைக்ரானுக்கு மேல் தடித்த இழை முனைகள் வளையாமல் தோலைக் குத்தும். மெல்லிய முனைகள் வளைந்துகொடுக்கும். மெரினோ கம்பளி பெரும்பாலும் 17 முதல் 24 மைக்ரானுக்குள் இருக்கும். நல்ல காஷ்மீரி ஆட்டு ரோமம் 19 மைக்ரானைத் தாண்டாது. வட்டக் கழுத்து ஸ்வெட்டருக்குக் கீழே சட்டைக் காலர் காவலாக இருக்கும். டர்டில்நெக்கில் கம்பளி நேராகத் தொண்டையில் படும். எனவே தொட்டுப் பார்க்கும்போது உள்ளங்கையை நம்பக்கூடாது. அங்கே தோல் தடிமன். தாடைக்குக் கீழே வைத்து ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பதே சரி.

நம்பிக்கை 5: உடம்புச் சூட்டில் பாதி தலை வழியாகத்தான் போகிறது, தடித்த காலர் இருந்தால் போதும்

உண்மை: 2008இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் ரேச்சல் வ்ரீமன், ஆரன் கேரல் என்ற இரு மருத்துவர்கள் இந்த நம்பிக்கையை மறுத்து எழுதினார்கள். தலை உடலின் மொத்தப் பரப்பில் பத்தில் ஒரு பங்குதான். வெப்ப இழப்பும் ஏறக்குறைய அந்த அளவுதான்.

அப்படியானால் கழுத்தை மூடுவது ஏன் இதமாக இருக்கிறது? உடம்பைச் சுற்றிச் சூடேறிய காற்று மேலே எழும். காலர் திறந்திருந்தால் அதுவே வெளியேறும் வழி. அந்த வழியை அடைத்தால் போதும். அடைப்பது மெல்லிய காலராக இருந்தாலும், கழுத்தோடு படிந்து நின்றால் வேலை நடக்கும். தளர்ந்துபோன தடித்த காலரால் பலன் குறைவு.

நம்பிக்கை 6: குட்டைக் கழுத்துக்காரர்கள் டர்டில்நெக் பக்கமே போகக்கூடாது

உண்மை: அவர்கள் தவிர்க்க வேண்டியது தடித்த காலரை மட்டுமே. முரட்டுக் கம்பளியை இரண்டாக மடித்தால் அது தாடை வரை ஏறி, முகம் நேராகத் தோளில் உட்கார்ந்தது போலத் தெரியும். மெல்லிய டர்டில்நெக்கில் அந்தச் சிக்கல் குறைவு. மடிப்பே இல்லாத குட்டைக் காலரான ‘மாக் நெக்’ இன்னும் பொருத்தம். ஸ்டீவ் ஜாப்ஸ் ஆண்டுக்கணக்கில் அணிந்த, இஸ்ஸே மியாகே வடிவமைத்துக் கொடுத்த கறுப்புச் சட்டை இந்த வகைதான்.

கோட் போடுகிறவர்களுக்கும் இதே கணக்கு. கோட்டின் கைக்குழி சட்டைக்கு அளவெடுத்து வெட்டியது. அதற்குள் தடித்த ஸ்வெட்டரைத் திணித்தால் தோள் புடைக்கும், கை தூக்க வராது. மக்வீனின் உடை அழகாக அமைந்ததற்கு உள்ளே இருந்தது மெல்லியது என்பதும் ஒரு காரணம்.

நம்பிக்கை 7: கடையில் ‘உல்லன்’ என்று தந்தால் அது கம்பளிதான்

உண்மை: ஊட்டி சந்தையிலும் சென்னைத் தெருவோரத்திலும் ‘உல்லன்’ என்று விற்கும் ஸ்வெட்டர்களில் பல அக்ரிலிக் நூலால் ஆனவை. பார்வைக்குத் தடிமனாக இருக்கும். விலையும் கைக்கு அடக்கம். குறைந்த நேரக் குளிருக்கு அது போதும். ஆனால் கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிய பிறகும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. அக்ரிலிக் ஈரத்தை உறிஞ்சுவதே இல்லை என்று சொல்லிவிடலாம். வியர்வை உடம்பிலேயே நிற்கும். சந்தேகம் வந்தால் உள்தையலில் இருந்து ஒரு நூலை எடுத்துக் கொளுத்துங்கள். கம்பளி முடி கருகும் நாற்றத்தோடு எரிந்து, விரலில் தேய்த்தால் பொடியாகும். அக்ரிலிக் உருகி, ஆறியதும் கெட்டி மணியாக நிற்கும்.

பராமரிப்பிலும் ஒரு வேறுபாடு உண்டு. தடித்த ஸ்வெட்டர் நனைந்தால் கனம் பெருகும். கொடியில் தொங்கவிட்டால் தன் எடையாலேயே முழங்கால் வரை நீண்டுவிடும். துண்டில் சுருட்டி நீரை ஒற்றி எடுத்து, தரையில் பரப்பி நிழலில் காயவைக்க வேண்டும். மெல்லியதற்கும் இதுவே நல்லது. அது விரைவில் காய்ந்துவிடும் என்பது கூடுதல் வசதி.

இனி தேர்வு எளிது. ஸ்வெட்டரே மேலாடையாக இருக்கப்போகிறது, காற்று அதிகம் வீசாத மாலையில் தோட்டத்திலோ வராந்தாவிலோ உட்காரப்போகிறார் என்றால் தடித்ததை எடுக்கலாம். ஜனவரியில் ஊட்டியில் இரவு தங்குகிறவருக்கும் அது பொருந்தும். டொரான்டோவில் படிக்கிறவரின் நாள் வேறு மாதிரி: பேருந்து நிறுத்தத்தில் உறைநிலைக்குக் கீழே குளிர், வகுப்பிலோ ஹீட்டர் புண்ணியத்தில் இருபது டிகிரி வெதுவெதுப்பு. ஜாக்கெட்டைக் கழற்றிவிடலாம், தடித்த டர்டில்நெக்கைத் தலைவழியே உருவ வேண்டும், நடு வகுப்பில் அது முடியாது. அப்படிப்பட்டவர் 12 அல்லது 14 கேஜ் மெரினோவில் மெல்லியது இரண்டு வாங்கட்டும். மிச்சப் பணத்தைக் காற்றுப் புகாத நல்ல ஜாக்கெட்டுக்கு வைத்துக்கொள்ளட்டும். ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றாலும் மெல்லியதையே வாங்கலாம். அதைக் கோட்டுக்குள்ளும் போடலாம், தனியாகவும் போடலாம்.