இன்ஜின் மாற்றிய அம்பாசடரில் நடுக்கம்

கேள்வி: என் பழைய அம்பாசடரில் 1489 சிசி இன்ஜினை எடுத்துவிட்டு, இசுசு 1.8 இன்ஜினையும் ஐந்து கியர் பாக்ஸையும் பொருத்தினோம். 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் வண்டியே நடுங்குகிறது. இன்ஜினை மறுபடி இறக்க வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டு இறக்காதீர்கள். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் ஆக்சிலரேட்டரை மெல்ல மிதியுங்கள். நின்றபடியே நடுங்கினால் மவுண்டிங் ரப்பர், பாடியில் இடிக்கும் சைலன்சர் பைப், சரியாக எரியாத சிலிண்டர் என்று முன்பக்கம் தேடலாம். நடுக்கம் இல்லையா? ஆளில்லாத சமமான சாலையில் 60ஐத் தாண்டியதும் நியூட்ரலுக்குத் தள்ளி, இன்ஜினை அணைக்காமல் உருளவிடுங்கள். நடுக்கம் அப்போதும் தொடர்ந்தால் இன்ஜின் மேல் குற்றமில்லை.

என் சந்தேகமெல்லாம் பிராப்பெல்லர் ஷாஃப்ட் மேல்தான். கியர் பாக்ஸ் மாறினால் பெரும்பாலும் ஷாஃப்டை வெட்டி, அளவு பார்த்து வெல்டிங் வைப்பார்கள். அதில் இருமுனை யோக்குகளும் ஒரே வாக்கில் அமையாவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் வேகம் இருமுறை கூடிக் குறையும். அதுவே உதறலாக வரும். யோக்குகள் சரியாக இருந்தாலும், கியர் பாக்ஸ் வெளிமுனையும் டிஃபரன்ஷியல் பினியனும் ஒன்றுக்கொன்று இணையான கோட்டில் இல்லையென்றால் இதே தொல்லைதான். கியர் பாக்ஸ் மவுண்டிங்கின் அடியில் தகடு வைத்தோ, பின் அச்சுக்கும் பட்டை ஸ்பிரிங்குக்கும் நடுவே ஆப்புத் தகடு கொடுத்தோ கோணத்தைத் திருத்தலாம். வெட்டி ஒட்டிய ஷாஃப்டை பேலன்ஸ் செய்யாமல் ஓட்டவே கூடாது; கியர் பாக்ஸின் பின் பேரிங்கும் ஆயில் சீலும் சீக்கிரம் போய்விடும். ஷாஃப்டைக் கழற்றும்போதே கிராஸ் ஜாயின்டில் ஆட்டம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சக்கர பேலன்ஸ் அதற்கும் முன்பே முடியட்டும், செலவு குறைவு.