தோல் பதனிடு கழிவுநீரும் சிக்கனத் தூய்மை முறைகளும்

முன்னுரை

கலங்கிய நீரைத் தெளியவைக்கத் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் இழைக்கும் வழக்கம் தமிழகத்தில் மிகப் பழமையானது. நெய்தற்கலியில் இவ்வழக்கம் உவமையாகவே இடம் பெற்றுள்ளது. காட்டில் எளிதாகக் கிடைத்த ஒரு விதையைக் கொண்டு குடிநீரைத் தெளிவித்த அறிவு நம் முன்னோருடையது. ஆயினும் அவ்விதை மண்ணையும் தூசியையும் படியவைக்குமேயன்றி, நீரில் கரைந்துவிட்ட உப்பை நீக்க வல்லதன்று.

இச்சிறிய உண்மையே இக்கட்டுரையின் அடிப்படை. மாசு ஒவ்வொன்றுக்கும் ஓர் இயல்பு உண்டு. அவ்வியல்பறிந்து, அது பிறக்கும் இடத்திலேயே தனித்துப் பிடித்தால் செலவு குறைவு. எல்லாவற்றையும் ஒரே கால்வாயில் கலந்துவிட்டுப் பின்னர்ப் பிரிக்க முயன்றால் செலவு பன்மடங்காகும். பாலாற்றங்கரைத் தோல் தொழிலைச் சான்றாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

பாலாறும் தோல் தொழிலும்

கருநாடகத்து நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரத்தைக் கடந்து தமிழகம் புகும் பாலாறு, கல்பாக்கத்திற்கு அருகே வங்கக் கடலில் கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி அதன் மேற்பரப்பில் நீரோட்டம் இல்லை. மணலுக்கடியில் உள்ள ஊற்றே கிணறுகளையும் வயல்களையும் காத்து வந்தது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் வளர்ந்த தோல் தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிட்டது. அதன் வருவாயிலிருந்து பிறந்த அறக்கொடைகள் பள்ளிகளாகவும் கல்லூரிகளாகவும் நிலைபெற்றன. அந்நன்றியை மறத்தல் தகாது. அதே தொழிலால் அயலார் கிணறு கெட்டதை மறைத்தலும் தகாது.

முன்னாளில் இங்குத் தோலைப் பதனிட்டவை ஆவாரம்பட்டையும் கடுக்காயுமே. 1970களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதியை மைய அரசு கட்டுப்படுத்தி, முழுதும் பதப்படுத்திய தோலை ஊக்குவித்தது. அதன்பின் விரைவாகப் பதனிடத்தக்க குரோமியம் முறை எங்கும் பரவியது. ஒரு கிலோகிராம் தோலைப் பதனிட ஏறத்தாழ 30 முதல் 40 லிட்டர் நீர் செலவாகி, அதில் பெரும்பகுதி கழிவாக வெளியேறுகிறது.

1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர்க் குடிமக்கள் நலமன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, முன்னெச்சரிக்கை நெறியையும், மாசு செய்தவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறியையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகளாக ஏற்றது. ஆகவே தூய்மை செய்வது இனி விருப்பத்தைச் சார்ந்ததன்று. அதனைச் சிறு ஆலையும் தாங்கும் செலவில் செய்வது எங்ஙனம் என்பதே வினா.

உப்பு: கரைவதற்கு முன் தடுத்தல்

உரித்த தோல் அழுகாதிருக்க, அதன் எடையில் ஏறத்தாழ 30 முதல் 40 விழுக்காட்டளவு உப்பிடுகின்றனர். ஆலைக்கு வந்ததும் அத்தோலை நீரில் ஊறவைக்கும்போது உப்பு முழுவதும் கரைந்து கழிவில் சேர்கிறது. சுண்ணாம்பும் படிகாரமும் கரியும் இவ்வுப்பை நீக்கமாட்டா. எதிர்ச் சவ்வூடு பரவலும், அதன்பின் எஞ்சும் செறிந்த உப்புநீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்குதலுமே வழி. இரண்டும் மின்சாரத்தையும் எரிபொருளையும் மிகுதியாக உண்பவை.

எளிய வழி இதற்கு முன்னரே உள்ளது. ஊறவைக்கும் முன் தோலை மரச்சட்டத்தின்மீது அடித்து உதறினால், ஒட்டியுள்ள உப்பில் ஒரு பகுதி உலர்ந்த நிலையிலேயே உதிர்ந்துவிடும். இதற்கு வேண்டுவன ஒரு சட்டமும் இருவர் உழைப்பும், உதிர்ந்த உப்பைச் சேர்க்க ஒரு தளமும் மட்டுமே. அவ்வுப்பை மழையில் கரையுமாறு வெட்டவெளியில் கொட்டினால் பயன் முழுதும் வீணாகும். ஊறல் நீரைத் தனியே பிரித்து, அடித்தளம் கசியாத ஆழமற்ற பாத்திகளில் வெயிலில் உலர்த்துவது அடுத்த படி. இதற்கு எரிபொருள் வேண்டா. ஆனால் இடம் வேண்டும், மழைக்காலத்தில் இது பயன்படாது.

சல்பைடு: கலப்பினால் வரும் கேடு

உரோமம் நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் பயன்படுகின்றன. இக்கழிவு காரத்தன்மை உடையது. பின்னர் வரும் உப்பும் அமிலமும் சேர்ந்த ஊறல் கழிவு அமிலத்தன்மை உடையது. இவ்விரண்டும் மூடிய தொட்டியிலோ கால்வாயிலோ கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு எழுகிறது. அழுகிய முட்டை நாற்றமுடைய இவ்வாயு செறிவு மிகும்போது மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் இல்லை என்று நம்பித் தொட்டிக்குள் இறங்கும் தொழிலாளி மீண்டு வருவதில்லை. அவரைத் தூக்க இறங்குபவரும் பலியாகிறார்.

ஆகவே இவ்விரு கழிவுகளையும் தனித்தனிக் குழாய்களில் செலுத்துதல் செலவைக் குறைப்பதோடு உயிரையும் காக்கிறது. தனியே பிரித்த சல்பைடு கழிவில் சிறிதளவு மாங்கனீசு சல்பேட்டைக் கிரியாவூக்கியாக இட்டுக் காற்றைச் செலுத்தினால், சல்பைடு தீங்கு குறைந்த சேர்மங்களாக மாறும். இதில் பெரும் வேலையைச் செய்வது காற்றிலுள்ள ஆக்சிஜனே, அதற்கு விலையில்லை.

குரோமியம்: கழிவே மூலப்பொருள்

வழக்கமான முறையில் இடப்படும் குரோமியத்தில் 60 முதல் 70 விழுக்காடே தோலில் பற்றுகிறது, எஞ்சியது வெளியேறுகிறது. விலைகொடுத்து வாங்கிய பொருளில் மூன்றில் ஒரு பங்கு சாக்கடைக்குப் போகிறது என்பதே இதன் பொருள்.

இதனை மீட்கும் முறை எளிது. பதனிட்ட நீரை மட்டும் தனித்தொட்டியில் சேர்த்து, வடிகட்டி, மெக்னீசியம் ஆக்சைடைக் கலக்கி, அமிலகாரக் குறியீடான பி.எச். அளவை 8 முதல் 8.5 வரை உயர்த்த வேண்டும். குரோமியம் பச்சைநிற ஹைட்ராக்சைடாக வீழ்படியும். இரவு முழுதும் அசையாது விட்டு, மேலே தெளிந்த நீரை வடித்தபின், அடியில் தங்கிய கூழைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் மீண்டும் பதனிடும் கரைசல் கிடைக்கும். சென்னையிலுள்ள மையத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய மீட்பு முறையை ஆலைகளில் பரப்பியது. வாங்கும் குரோமியத்தின் அளவு குறைவதால், இம்முறை தன் செலவில் பெரும்பகுதியைத் தானே ஈட்டித் தருகிறது.

இங்கு ஒரு வேறுபாட்டை மாணவர்கள் அறிதல் வேண்டும். பதனிடப் பயன்படுவது மூவிணைதிறக் குரோமியம். மின்முலாம் பூசும் தொழிலிலும் குரோமேட் உற்பத்தியிலும் வெளிவருவது அறுவிணைதிறக் குரோமியம். இது நீரில் எளிதில் கரைவது, புற்றுநோய் விளைவிப்பது. இதற்கு அன்னபேதி எனப்படும் பெரஸ் சல்பேட் துணைசெய்யும். அமில நிலையில் அன்னபேதி இட்டால் அறுவிணைதிறக் குரோமியம் மூவிணைதிற நிலைக்கு ஒடுங்கும். பின்னர்ச் சுண்ணாம்பிட்டு வீழ்படியச் செய்யலாம். உள்நாட்டு நீர்நிலையில் விடப்படும் கழிவுநீரில் லிட்டருக்கு மொத்தக் குரோமியம் 2 மில்லிகிராமும், அறுவிணைதிறக் குரோமியம் 0.1 மில்லிகிராமுமே சட்டம் ஒப்பும் மேல்வரம்புகள்.

கரியும் உமிச்சாம்பலும்

எஞ்சும் சாயங்களையும் சிறிதளவு உலோகங்களையும் பற்ற, தேங்காய்ச் சிரட்டைக் கரி, உமிச்சாம்பல், மரத்தூள், புளியங்கொட்டைத்தூள் போன்றவற்றை ஆய்வாளர்கள் சோதித்துள்ளனர். நுண்துளைகள் நிறைந்த இவற்றின் மேற்பரப்பு மாசுகளைத் தன்பால் ஈர்த்து வைத்துக்கொள்கிறது. இதுவே பரப்புக் கவர்தல் எனப்படும்.

இம்முறையின் எல்லையையும் கூறவேண்டும். ஆய்வகக் குடுவையில் ஒரே மாசுடன் சிறந்து விளங்கும் தூள், பல மாசுகள் கலந்த ஆலைக்கழிவில் அவ்வளவு பயன் தருவதில்லை. எனவே கலங்கலையும் பெருமளவு உலோகத்தையும் முன்னரே நீக்கியபின், இறுதி மெருகாகவே இது பயன்படும். மேலும், குரோமியம் பற்றிய தூளை அடுப்பெரிக்கவோ வயலில் கொட்டவோ கூடாது. எரிக்கும்போது சாம்பலின் காரத்தன்மையாலும் காற்றாலும் மூவிணைதிறக் குரோமியம் கொடிய அறுவிணைதிற நிலைக்கு மாறக்கூடும்.

எஞ்சும் கசடு

நீரிலிருந்து நீக்கிய மாசு மறைந்துவிடுவதில்லை. கசடாக இடம்மாறி நிற்கிறது. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில் கழிவுக் கசடு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்தது. அருகில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் உயிரிழந்தனர். கசட்டைக் காக்கும் செலவைக் கணக்கில் சேர்க்காத முறையைச் சிக்கன முறை என்று கூறுதல் பொருந்தாது. குரோமியத்தைத் தனியே மீட்ட ஆலையில் கசடும் குறைவு, அதன் நச்சும் குறைவு. பிரித்தலின் பயன் இறுதிவரை தொடர்வதை இதனால் உணரலாம்.

முடிவுரை

ஓடும் ஆற்றங்கரையில் ஒளுச் செய்யும்போதும் நீரை விரயம் செய்யலாகாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதாக நபிமொழி நூல்கள் கூறுகின்றன. விரயமே விலக்கப்பட்டதாயின், அண்டை வீட்டாரின் ஊற்றைக் கெடுத்தல் எத்தகையது என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. நிலத்தடி நீர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். நீரின்றி உலகியல் இல்லை என்னும் வள்ளுவர் கருத்தும் இதனோடு ஒத்ததே.

வேதியியல் மாணவர்கள் தம் ஆய்வகத்தில் வீழ்படிவுச் சோதனைகளைச் செய்து பார்க்கலாம். வணிகவியல் மாணவர்கள் குரோமிய மீட்பின் வரவுசெலவைக் கணக்கிடலாம். தமிழ்த்துறைக்கும் ஒரு கடமை உண்டு. எந்தக் குழாயில் எந்தக் கழிவு செல்லவேண்டும், எந்தத் தொட்டியில் தனியே இறங்கக்கூடாது என்பவற்றைத் தொழிலாளி படித்தவுடன் விளங்கும் நல்ல தமிழில் எழுதித் தருவதே அது. ஆலைதோறும் அத்தகைய பலகை ஒன்று தொங்குமாயின், அதுவே நாம் செய்யத்தக்க மிகச் சிக்கனமான தூய்மைப் பணியாகும். தொழில் நடத்தும் பெரியோர்கள் இதற்கு வாயில் திறந்துவிடுவார்களாக.