வி.பி.எஸ். அலங்காரம்: ஃப்ளெக்ஸா, துணியா, அட்டையா?

முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் சபைகளில் வி.பி.எஸ். எனப்படும் விடுமுறை வேதாகமப் பள்ளியின் வேலை சூடுபிடித்துவிடும். பாட்டு, ஆக்‌ஷன், கதை எல்லாம் பயிற்சிக் கூட்டத்திலேயே தீர்மானமாகிவிடும். அலங்காரம் மட்டும் கடைசி இரண்டு நாளுக்குத் தள்ளிப்போய், "ஒரு ஃப்ளெக்ஸ் அடித்துவிடலாம்" என்பதில் முடியும்.

ஃப்ளெக்ஸில் ஒரு வசதி உண்டு. காலையில் சொன்னால் மாலையில் கைக்கு வந்துவிடும், போட்டோவிலும் எடுப்பாக இருக்கும். ஆனால் முதல் நாள் பார்த்த பிள்ளை மறுநாள் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அடுத்த ஆண்டு கருப்பொருள் மாறிவிடும். மக்காத அந்த பி.வி.சி. என்ன ஆகும்? 100 மைக்ரானுக்குக் குறைவான பி.வி.சி. பேனர்களுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடெங்கும் தடையும் இருக்கிறது. அலங்காரத்துக்கான தெர்மாகோலும் அதே நாளில் தடைசெய்யப்பட்டதால் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

பின்திரைக்குத் துணிதான் சரி. நீலக் காடாத் துணி முதல் ஆண்டு கொஞ்சம் செலவு வைக்கும். ஆனால் நோவாவுக்கு வெள்ளமாக விரித்த அதே துணி அடுத்த ஆண்டு யோனாவுக்குக் கடலாகும், அதற்கடுத்து மோசேக்குச் செங்கடலாகும். துவைத்து மடித்து வைத்தால் போதும். சுவரில் செலோடேப் ஒட்டாதீர்கள், பெயின்ட் உரிந்து வரும். ஜன்னல் கம்பிக்குக் கம்பி கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். மின்விசிறிக்குப் பக்கத்தில் எதுவும் தொங்கக் கூடாது.

என் ஓட்டு அட்டைக்கு. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் வந்த பெட்டிகளை வீட்டு உபயோகப் பொருள் கடைகளில் கேட்டு வாங்கலாம். அவற்றில் நோவாவின் பேழையைச் செய்யலாம். அதன் அளவு ஆதியாகமம் 6ஆம் அதிகாரத்திலேயே இருக்கிறது: நீளம் 300 முழம், அகலம் 50, உயரம் 30. முழத்துக்கு ஒன்றரை அடி என்று வைத்து, பத்தில் ஒரு பங்காகச் செய்தால் நீளம் 45 அடி, உயரம் நாலரை அடி. ஆலயத்தின் பக்கச் சுவரோரம் அட்டைகளை வரிசையாக நிறுத்தினால், பிள்ளைகளின் உயரத்துக்கு ஒரு பேழை தயார். அதை வெறுமையாகவே விடுங்கள். தினமும் ஒவ்வொரு வகுப்பும் ஒரு மிருகத்தை வரைந்து, வெட்டி, ஒட்டட்டும். தான் ஒட்டிய யானை இருக்கிறதா என்று பார்க்கவே பிள்ளை மறுநாள் சீக்கிரம் வரும். பெரியவர்கள் முதல் நாளே முடித்து வைக்கும் அலங்காரத்தில், அது எவ்வளவு அழகாக இருந்தாலும், பிள்ளைகளுக்குப் பங்கில்லை.

வாசலுக்கு ஓலைத் தோரணம். குருத்தோலை ஞாயிறுக்குச் சிலுவை முடைகிற கைகள் எல்லாச் சபையிலும் உண்டு. அந்தப் பெரியவர்களையே கூப்பிட்டுக் கிளியும் மீனும் முடையக் கேளுங்கள். பச்சை ஓலை வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால் நடுவில் ஒருமுறை மாற்ற வேண்டிவரும்.

பீடத்தை மட்டும் தொடாதீர்கள். நடுவில் ஞாயிறு ஆராதனை வந்தால் எல்லாவற்றையும் ஒதுக்கவும் வேண்டும். அட்டையும் துணியும் என்றால் நாலு வாலிபர்கள் அரை மணி நேரத்தில் ஒதுக்கிவிடுவார்கள்.

பெரிய பெட்டிகள் கேட்ட அன்றே கிடைக்காது. ஏப்ரல் தொடக்கத்திலேயே கடைக்காரரிடம் சொல்லிவையுங்கள்.